நார்மல் பதினேழு

எங்கள் ஆய்வுப் பிரிவில் அவரை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட மூன்று வயது சின்னவர். ஆனாலும் எனக்கும் அக்காதான். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யார் மூத்தவர் என்று ஒரு வாரம் குழம்புவார்கள். அப்புறம் அவர்களும் அக்கா என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

மனநல மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் மூன்று மாடிக் கட்டடம் எங்களுடையது. மேலே பேராசிரியர், நடுவில் ஊசியக்கா, அடித்தளத்தில் நானும் ஏழு ஃப்ரீசர்களும். மனச்சோர்வு சில குடும்பங்களில் மட்டும் ஏன் தலைமுறை தலைமுறையாக வருகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்து, அதிலிருந்து மரபணுவைப் பிரித்து, சுண்டுவிரல் நீளக் குழாய்களில் போட்டு, மைனஸ் எண்பது டிகிரியில் வைக்க வேண்டும். வைப்பதும் எடுப்பதும் கணக்குப் பார்ப்பதும் நான். ஃப்ரீசர் கதவைச் சரியாக மூடாமல் போகிறவர்களைத் திட்டுவதும் நான். எனக்குச் சிடுமூஞ்சி என்று ஒரு பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியாது என்று மேல்மாடியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊசியக்கா ரத்தம் எடுத்தால் வலிக்காது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கையை நீட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருக்கும் ஆள், "எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்கும்போது அவர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. என்ன பொறுமை, என்ன நிதானம் என்று எல்லோரும் வியப்பார்கள். நானும் அப்படித்தான் வியந்துகொண்டிருந்தேன்.

ரத்தம் எடுக்கும் முன் கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதன் மேலாவது ஆசை இருந்ததா, இருக்கவே வேண்டாம் என்று தோன்றியதா என்று இருபத்தொரு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய, எப்போதும் என்று நான்கு கட்டங்கள். பேனாவைக் கையில் கொடுத்ததும் பாதிப் பேர் 'இல்லை' வரிசையில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். வேலை முடிந்தது, ஆளை விடு. ஊசியக்கா அந்தத் தாளை மடித்து ஓரமாக வைப்பார். புதுத் தாளை எடுப்பார். "அவசரமில்ல. ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்பார். லாரி ஓட்டுநர் ஒருவர் மூன்று தாளில் கோடு இழுத்தார். நான்காவது தாளில், ஐந்தாவது கேள்வியில் அழ ஆரம்பித்தார். அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, மூக்கைத் துடைக்கத் துணி கொடுத்து, ஆறாவது கேள்வியைப் படித்தாராம் ஊசியக்கா.

கேள்வித்தாளுக்குப் பிறகு குடும்பப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு அடிக்க வேண்டும், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. தாத்தா எப்படி இறந்தார், சித்தி ஏன் கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை, பெரியப்பா ஏன் வேலையை விட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வரைவார். சில படங்கள் சதுரங்கப் பலகை போலக் கறுத்து வரும். அவற்றையும் அதே முகத்தோடு என்னிடம் கொடுத்துவிட்டு, "குழாய் நாலு, பேப்பர் மூணு, சரியா இருக்கா பாருங்க அண்ணா" என்று போய்விடுவார்.

பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் ஒரு கேள்வி கேட்டால் ஒரு மணி நேரம். மனச்சோர்வுக்கு என்று ஒரு மரபணு இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது என்று ஆரம்பத்தில் நான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்று கிடையாதாம். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள், ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை. ஒருவருக்கு இந்தச் சிட்டிகைகள் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், ஒன்றும் வராது. இன்னொருவருக்குக் குறைவாகத்தான் இருக்கும், வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு ரத்தத்தோடு வருகிறது, மிச்சம் வாழ்க்கை செய்வது என்பார். ரத்தத்தை மட்டும் வைத்து யாருக்கு நோய் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். அப்புறம் எதற்கு ஏழு ஃப்ரீசர் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

நடைபாதையில் ஒரு பழைய சுவரொட்டி தொங்குகிறது. இரண்டு நரம்பு செல்கள், நடுவில் இடைவெளி, அதில் செரோட்டோனின் என்று மஞ்சள் பொட்டுகள். நலமான மூளையில் நிறைய பொட்டு, சோர்ந்த மூளையில் நாலே நாலு. அதைப் பார்க்கும்போதெல்லாம் பேராசிரியருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். ஒரு நரம்பின் நுனி அடுத்த நரம்பைத் தொடுவதில்லை, செய்தி ரசாயனமாகத்தான் அந்த இடைவெளியைக் கடக்கிறது என்பது வரை சரி. அனுப்பிய நரம்பே மிச்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அந்த உறிஞ்சும் வாயை மாத்திரை அடைக்கிறது என்பதும் சரி. ஆனால் மாத்திரை சில மணி நேரத்திலேயே வாயை அடைத்துவிடுகிறது. மனது நிமிர மூன்று வாரம், ஆறு வாரம் ஆகிறது. வெறும் பொட்டுக் குறைச்சல் என்றால் அன்றைக்கே சரியாக வேண்டாமா? நரம்புகள் புதிதாகக் கிளைவிட்டுப் பழகுவதற்கு அவ்வளவு நாள் பிடிக்கிறது என்று நினைக்கிறோம், முழுசாகத் தெரியாது என்பார். சுவரொட்டியை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் பின்னால் இருக்கும் ஈரக்கறை தெரியும்.

சோகம்தான் இந்த நோய் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், பலருக்குச் சோகமே இருக்காது என்று ஒருமுறை சொன்னார். இது நல்லது, இதை எடு என்று உள்ளுக்குள் ஒரு சமிக்ஞை எழுமே, அது எழாது. சாப்பிடுவார்கள், ருசி வராது. சிரிப்பார்கள், யாரோ சிரிப்பது போலிருக்கும். அவர்களுக்கே அது நோய் என்று தெரியாது என்றார். அன்றைக்கு ஊசியக்காவும் அங்கேதான் நின்றிருந்தார். தலையாட்டிக் கேட்டார்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் தேவைப்பட்டது. நோயாளிகளின் குடும்பங்கள் வரிசையில் நின்று கொடுத்தன, நலமானவர்கள் ஒருவரும் வரவில்லை. நலமாக இருப்பவனுக்கு மனநல மருத்துவமனைப் பக்கம் என்ன வேலை? கடைசியில் எங்கள் ஆட்களையே பிடித்தார்கள். காவலாளி, கணக்காளர், தோட்டம் பார்ப்பவர், அவர்கள் வீட்டார், தெருக்காரர்கள், நான், ஊசியக்கா. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் தேறினோம். எங்களுக்கு நார்மல் என்று பெயர் வைத்து எண் கொடுத்தார்கள். நான் நார்மல் ஒன்பது. அதை என் வீட்டில் சொன்னபோது மனைவி அரைமணி நேரம் சிரித்தாள். ஊசியக்கா நார்மல் பதினேழு.

மற்ற எல்லோரிடமும் அவர்தான் கேள்வி கேட்டார். அவர் தாளை அவரே நிரப்பிக்கொண்டார். கேட்க வேறு ஆள் இல்லை. குழாயின் எண்ணும் தாளின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. பார்த்தேன். பதினேழாம் தாளில், 'இல்லை' வரிசையில், மேலிருந்து கீழே ஒரே கோடு. இரண்டாம் பக்கத்தில் அவருடைய குடும்பப் படம். அப்பாவின் சதுரத்தில் குறுக்குக் கோடு, பக்கத்தில் 'விபத்து' என்று ஒரு சொல். அம்மா, தம்பி, அவர். ஒரு கறுப்பும் இல்லை.

நான் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். லாரி ஓட்டுநரை நினைத்துச் சிரிப்புகூட வந்தது. அப்புறம் தாளைக் கோப்பில் வைத்துவிட்டு, குழாயை நான்காம் ஃப்ரீசரில் வைத்துக் கதவை மூடினேன். கதவை நன்றாகவே மூடினேன்.

அதன் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் கண்ணில் பட்டவை உண்டு. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் வரும். நாங்கள் ஊதிக்கொண்டிருக்கும்போது அவர் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருப்பார். யாராவது ஜோக் சொன்னால் சிரிப்பார், எல்லோரும் சிரிக்க ஆரம்பித்த பிறகு. பத்தொன்பது வருடமாக ஒரே டிபன் பெட்டி, உள்ளே ஒரே சாப்பாடு. சலிக்கவில்லையா அக்கா என்று ஒரு தடவை சீண்டினேன். சலிக்கறதுக்கு என்ன இருக்கு அண்ணா என்றார். அம்மா இறந்த மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். எப்படி இருக்கீங்க என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல அண்ணா" என்றார். என்ன திடமான பெண் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். அவர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார் என்பது உறைக்க எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் படியிறங்கி வந்தார். குழாய் எதுவும் கையில் இல்லை. என்னிடம் வண்டி இருக்கிறதா என்று கேட்டார். தம்பிக்கு உடம்பு சரியில்லை, தூக்கிக்கொண்டு வர ஒரு ஆண்பிள்ளை துணை வேண்டும் என்றார். அவருக்கு எட்டு வயது இளையவன் அந்தத் தம்பி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கல்யாணம் ஆகவில்லை, அக்காவுடன்தான் இருக்கிறான் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. போகும் வழியில் சொன்னார். நான்கு மாதமாகக் கடைக்குப் போகவில்லை. குளிப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். நேற்று எழுந்து உட்கார்ந்தான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்க வேண்டும் என்றார். அப்புறம், "அவன் கருவிப் பெட்டியைக் கடைக்குக் கொடுத்தனுப்பிட்டான் அண்ணா" என்றார்.

எங்கள் இடத்தில் இத்தனை வருடம் இருந்துவிட்டால் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லித்தர வேண்டாம். பதினெட்டு வருடம் தொட்டுப் பழகிய கருவிகளை ஒருவன் கொடுத்துவிடுகிறான் என்றால், நாளைக்கு அவை தேவைப்படாது என்று முடிவு செய்துவிட்டான். நான் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன்.

இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. தம்பியின் அறையில் திரை போட்டிருந்தது. தரையில் துணி, கட்டிலடியில் தண்ணீர்ப் பாட்டில்கள், ஆறு தட்டுகள், ஒன்றில் காய்ந்த முட்டை. சுவரோடு ஒட்டியபடி கட்டில், சுவரைப் பார்த்தபடி அவன். அவனுக்குச் சட்டை எடுப்பதற்காக ஊசியக்கா அடுத்த அறைக்குப் போனபோது நானும் பின்னால் போனேன். அது அவருடைய அறை. துடைத்து வைத்தது போலச் சுத்தம். அங்கேயும் கட்டில் சுவரோடு ஒட்டித்தான் கிடந்தது. ஒரு நாற்காலி, ஒரு அலமாரி. சுவரில் படம் இல்லை, மேஜையில் புத்தகம் இல்லை, ஆசைப்பட்டு வாங்கியது என்று சொல்ல ஒரு ஜோடி வளையல்கூட இல்லை. தம்பியின் அறையை ஒருவர் கூட்டிப் பெருக்கி வைத்தால் இப்படித்தான் இருக்கும். சட்டை கிடைத்ததா என்று மட்டும் கேட்டேன்.

மருத்துவமனையில் பணியில் இருந்தது இளம் டாக்டரம்மா ஒருவர். எங்கள் கட்டடத்தோடு தொடர்பில்லாதவர், ஊசியக்காவைத் தெரியாது. என் தோளில் சாய்ந்திருந்த தம்பியை உட்காரவைத்தேன். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் போகத் தோன்றவில்லை. டாக்டரம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் மெதுவாக, ஒழுங்காகப் பதில் சொன்னான். தூக்கம் இல்லை, பசி இல்லை. ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா? இல்லை. கருவிப் பெட்டியைப் பற்றி ஊசியக்கா எடுத்துச் சொன்னார். நான்தான் போகவில்லையே, அவர்களாவது உபயோகிக்கட்டும் என்று கொடுத்தேன் என்றான். கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது.

உள்ளே கட்டில்கள் நிரம்பியிருந்தன. மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பலாமா, சேர்க்கலாமா என்று டாக்டரம்மா யோசித்தார். மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கும் முதல் சில வாரம்தான் பயம், மனசு நிமிர்வதற்கு முன்னால் கைகாலுக்குத் தெம்பு வந்துவிடும், கூடவே ஆள் இருக்க முடியுமா என்று கேட்டார். நான் லீவு போடறேன் என்றார் ஊசியக்கா. டாக்டரம்மா மாத்திரை எழுதப் பேனாவை எடுத்துக்கொண்டு, கடைசியாகக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். இதே மாதிரி யாருக்காவது இருந்ததா? தானாக உயிரை விட்டவர்கள் உண்டா?

"இல்ல" என்றார் ஊசியக்கா. "அப்பா விபத்துல போனார். வேற யாருக்கும் எதுவும் இல்ல."

அவர் குரலில் நடுக்கம் இல்லை, அவசரம் இல்லை. எனக்கு அந்தக் கோடு கண்ணில் தெரிந்தது. வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். எதைச் சொல்லித் திறப்பது? டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார்.

தம்பி அதுவரை மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தான்.

"அக்கா," என்றான், "ஒவ்வொண்ணா சொல்லு."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கேள்விகளை வீட்டில் உட்கார்ந்து அவனிடம்தான் கேட்டுப் பழகியிருக்கிறார். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வாக்கியம் அவனுக்கு அப்போதிருந்தே மனப்பாடம்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. ஊசியக்கா தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். அப்புறம் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாட்டி வாசப்படிகூடத் தெரியாது. அன்னிக்குக் காலையில கண்ணாடியை மடிச்சு, மேஜை மேல வெச்சுட்டு வெளியில போனார். எனக்குப் பதினாலு வயசு. நான்தான் முதல்ல பார்த்தேன். எடுத்து அதோட டப்பாவுல போட்டு, என் துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டேன். சாயந்திரம் வந்து சொன்னாங்க. கால் தவறிப் போயிட்டார்னு அம்மா சொன்னாங்க. இனிமே வேணாம்னு கண்ணாடியைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டுப் போனது தெரிஞ்சா அப்படிச் சொல்ல முடியாதில்ல."

"அந்த டப்பாவை நான் ஒம்பது வயசுலயே பார்த்துட்டேன்" என்றான் தம்பி.

"தெரியும்" என்றார் ஊசியக்கா. "நீ பார்த்தது எனக்குத் தெரியும்."

ஏறக்குறைய முப்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே டப்பாவை ஆளுக்கொரு பக்கம் காவல் காத்திருக்கிறார்கள். அம்மாவைக் காப்பாற்ற என்று ஆரம்பித்திருப்பார்கள். அம்மா போன பிறகும் நிறுத்தத் தெரியவில்லை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, ஆனால் கோபமாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா எழுதியதைக் கிழித்துப் போட்டார். எழுந்து வெளியே போய், இரண்டு நிமிடத்தில் கட்டில் கிடைத்துவிட்டது என்று வந்தார். எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போடும் முன் தம்பி இன்னொன்றும் சொன்னான். "டாக்டர், என்னை மட்டும் எழுதாதீங்க. அவளையும் கேளுங்க. எனக்கு நாலு மாசமாத்தான். அவ எனக்கு ஞாபகம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இப்படித்தான்."

ஊசியக்கா மறுக்கவில்லை. அவன் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை அவர் அடித்தளத்துக்கு வந்தபோது கையில் ஒரு படிவம் இருந்தது. ஆய்விலிருந்து விலகுகிறவர்கள் நிரப்பும் படிவம். காரணம் எழுதக் கட்டாயம் இல்லை என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அவர் எழுதியிருந்தார். 'நார்மல் பதினேழு நார்மல் இல்லை. என் பதில்கள் தவறு.' பேராசிரியரிடம் முதலில் போயிருக்கிறார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முன்னூற்றுப் பன்னிரண்டில் ஒன்று போனால் முடிவு எதுவும் மாறாது, மூன்றாம் தசம ஸ்தானம்கூட அசையாது, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னாராம். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். முடிவுக்காக நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்திருக்கிறார்.

நான்காம் ஃப்ரீசரைத் திறந்து குழாயை எடுத்துக் கொடுத்தேன். கையுறை போடாமல் வெறும் விரலால் வாங்கப் போனார். நான் சத்தம் போட்டதும் உறை போட்டுக்கொண்டு வாங்கினார். சுண்டுவிரல் நீளம். ஆறு வருடம் அதை நலமானவர்களோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தோம். எல்லா மாற்றங்களையும் கணக்கிட்டுப் பார்த்தபோது பதினேழாம் எண் கூட்டத்தின் நடுவில்தான் இருந்தது. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ரத்தம் எங்களிடம் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அந்தக் கோடுதான், அது எப்போதோ சொல்லிவிட்டது.

அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கேள்வித்தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். இதைப் படிங்க, நான் சொல்றேன், நீங்களே எழுதுங்க, என் கையில பேனா வேண்டாம் என்றார். நான் படித்தேன். கடந்த இரண்டு வாரங்களில் எதன் மேலாவது ஆசை இருந்ததா?

"அதுல ரெண்டு வாரம்னுதான் இருக்கு அண்ணா. அதுக்கு மேல எழுத இடம் இல்ல" என்றார்.

ஓரத்தில் எழுதுகிறேன் என்றேன். இருபத்தொரு கேள்விகளும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இருக்கவே வேண்டாம் என்று தோன்றியதா என்ற கடைசிக்கு முந்தைய கேள்விக்கு 'கொஞ்சம்' என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன், சொன்னார். என் கையெழுத்து அந்த இடத்தில் கோணலாகிவிட்டது. அவர் ஒரு தடவைகூட அழவில்லை. நான் ஒரு தடவை ஃப்ரீசர் ஒன்றைச் சரிபார்க்கப் போவது போல எழுந்து போய்விட்டு வந்தேன். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவரோடு டாக்டரம்மாவிடம் போனேன்.

தம்பி உள்ளே ஐந்து வாரம் இருந்தான். அக்காவுக்கும் மாத்திரை ஆரம்பித்தார்கள். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஒருவரையும் ஏற்பாடு செய்தார்கள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வாரம் தூக்கம் மட்டும் கொஞ்சம் வந்தது என்றார். ஆறாம் வாரம், மாத்திரையை மாற்றினார்கள். அதே டிபன் பெட்டி, அதே சாப்பாடு, அதே வலிக்காத ஊசி. இடையில் தம்பி வீட்டுக்கு வந்து, கடைக்குப் போய்க் கருவிப் பெட்டியைத் திரும்ப வாங்கிவிட்டான் என்று சொன்னார். செய்தி வாசிப்பது போலத்தான் சொன்னார். இவருக்கு இது பலிக்காதோ என்று நான் பயந்தேன். முப்பத்திரண்டு வருடம் செய்தி போகாத நரம்பு இனிமேலா புதிதாகப் பழகும் என்று பேராசிரியரைக் கேட்டேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். பொறுங்கள் என்றார்.

பதினோராம் வாரம் ஒரு காலை. நான் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டது. அவர் அப்படி நடந்து நான் கேட்டதில்லை. உள்ளே வந்து என் எதிரில் நின்றார். முகம் சிவந்திருந்தது. கையில் ஒரு பழைய கோப்பு, அதற்குள் ஆறு வருடத்துக்கு முந்தைய பதினேழாம் தாள். ஓரத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று என் கையெழுத்து.

"இதை நீங்க பார்த்தீங்க" என்றார்.

எண்ணைத்தான் பார்த்தேன் என்றேன்.

"கோட்டைப் பார்த்தீங்களா இல்லையா?"

பார்த்தேன் என்றேன்.

அவர் குரல் உயர்ந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் கேட்காத குரல். "பக்கத்துல உட்கார்ந்து தினம் டீ குடிச்சீங்க. ஆறு வருஷம் அண்ணா. என் தம்பி போயிருப்பான். எவனோ கதவை மூடாம போனா இந்தக் கட்டடமே அதிர்ற மாதிரி கத்துவீங்க. இதைப் பார்த்துட்டு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" மூச்சு வாங்கியது. கை நடுங்கியது, கோப்பு நடுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

வேலை நெருக்கடி, அது என் பொறுப்பு இல்லை, நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு நினைச்சேன் என்று எதையோ ஆரம்பித்தேன்.

"மழுப்பாதீங்க" என்றார் ஊசியக்கா. ஸ்டூலை என் பக்கமாகக் காலால் தள்ளினார். "உட்காருங்க. ஒவ்வொண்ணா சொல்லுங்க."

நான் உட்கார்ந்தேன். அந்தத் தாள் முதலில் என் மேஜைக்கு வந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.